சாதுவான மீனும் மென்னீரும்: குரோருட்டில் கௌராமி வளர்ப்பு

யாழ்ப்பாணத்துக் கிணற்றுத் தண்ணீரில் குளித்து வளர்ந்தவர்கள் ஒஸ்லோவுக்கு வந்த புதிதில் தண்ணீரின் வித்தியாசத்தைக் கையாலேயே கண்டுபிடித்துவிடுவார்கள். கேத்தலின் அடியில் வெள்ளைப் படிவு கட்டுவதில்லை. சவர்க்காரம் தொட்டவுடன் நுரைக்கிறது. ஆனால் எவ்வளவு கழுவினாலும் வழுவழுப்புப் போகமாட்டேன் என்கிறது. குடாநாட்டின் அடித்தளம் சுண்ணக்கல். மழைநீர் அதைக் கரைத்துக்கொண்டுதான் கிணற்றில் ஊறுகிறது. ஒஸ்லோவின் குடிநீரில் ஏறத்தாழப் பத்தில் ஒன்பது பங்கு மாரிடால்ஸ் ஏரியிலிருந்து வருகிறது. அந்த ஏரிக்குத் தண்ணீர் வடியும் நூர்ட்மார்க்கா காட்டிலோ பெரும்பாலும் கடினமான தீப்பாறை, எளிதில் கரையாதது. இதே நகரத்தின் குரோருட் மலைச்சரிவில் ஒரு காலத்தில் கல்லுடைத்தவர்கள் வெட்டியெடுத்ததும் இதே குடும்பத்துக் கல்தான். நிலவியலாளர் புரோகர் ஒரு பாறை வகைக்கு இந்த ஊரின் பெயரையே வைத்து 'குரோருடைட்' என்றார்.

மீன்தொட்டி வைப்பவருக்கு இந்தப் பாறைக் கதை வெறும் தகவல் அல்ல. ஊரில் சீமெந்துத் தொட்டியில் கப்பியும் மோலியும் தாமாகவே பெருகியதற்குக் கிணற்றின் சுண்ணாம்பும் ஒரு காரணம். அதே மீன்களை இங்கே குழாய்த் தண்ணீரில் விட்டால் செட்டை மடங்கி நோஞ்சானாக நிற்கும். கௌராமிக்கு நிலைமை நேர்மாறு. சுமாத்திரா, போர்னியோ சதுப்புகளிலும், கங்கை, பிரம்மபுத்திரா வெள்ளச் சமவெளிகளின் புல் மண்டிய குட்டைகளிலும் வாழ்ந்த குடும்பம் அது. குரோருட்டில் குழாயைத் திறந்தாலே அதற்குப் பிடித்த தண்ணீரில் பாதி தயாராகிவிடுகிறது. மீதிப் பாதியில்தான் ஆட்கள் தவறுகிறார்கள். கடைச் சீட்டில் 'அமைதியான மீன்' என்று எழுதியிருப்பதை நம்பி வாங்கி, ஆறு மாதத்தில் ஒரே ஒரு முரட்டு ஆண் மட்டும் மிஞ்சிய தொட்டிகளை குரோருட் பள்ளத்தாக்கின் அடுக்குமாடிகளில் பல தடவை பார்க்கலாம். அமைதி மீனின் இரத்தத்தில் மட்டும் இருப்பதில்லை என்பதே இந்தக் கட்டுரையின் வாதம். எந்த இனம், எத்தனை ஆண், எவ்வளவு இடம், எவ்வளவு மறைவு என்பவற்றை வளர்ப்பவர்தான் முடிவு செய்கிறார். அமைதியும் அதற்கேற்பத்தான் அமைகிறது.

நோர்வேத் தமிழரின் வரலாறே மீனோடு தொடங்கியது என்பதை இங்கே ஒரு வரி சொல்லிவிடலாம். 1956இல் நோர்வே வந்த குருநகர் அந்தோனி இராஜேந்திரம் மீன்பிடித் தொழில் கற்றார்; பிறகு 'சீ-நோர்' நிறுவனத்தின் வழியே குருநகரில் வலைத் தொழிற்சாலையும் காரைநகரில் படகுத் துறையும் எழுந்தன. எண்பதுகளில் வந்தவர்கள் பலர் வடக்கே பின்மார்க்கின் மீன் பதனிடும் ஆலைகளில் கத்தி பிடித்து நின்றார்கள். அங்கிருந்து தெற்கே இறங்கி குரோருட் பள்ளத்தாக்கில் குடியேறிய குடும்பங்களின் பிள்ளைகள்தான் இன்று வரவேற்பறையில் மீன் வேண்டும் என்று அடம்பிடிக்கிறார்கள். மீனைச் சமைக்காமல் வைத்துப் பார்ப்பது பெரியவர்களில் சிலருக்கு இன்னும் விளங்காத விஷயம்.

கௌராமியின் தனித்தன்மை அதன் மூச்சு. செவுளுக்கு மேலே, முதல் செவுள் வளைவிலிருந்து மடிந்து மடிந்து வளர்ந்த ஓர் உறுப்பு உண்டு. மேற்பரப்புக்கு வந்து வாயால் காற்றை அள்ளி அதில் நிறைத்துக்கொள்ளும். வயல் குட்டை வெயிலில் காய்ந்து, தண்ணீரில் ஒட்சிசன் தீர்ந்துபோன நாட்களிலும் உயிர்தப்பக் கற்ற வித்தை இது. நம் பனையேறிக் கெண்டையும் இந்தக் கூட்டத்தைச் சேர்ந்ததுதான். அதைப் பற்றிய பழைய ஐரோப்பியச் செய்திக்கு நோர்வேயோடும் தொடர்பு இருக்கிறது. டென்மார்க்கும் நோர்வேயும் ஒரே அரசரின் கீழ் இருந்த காலத்தில் தரங்கம்பாடி அந்த முடியின் கீழ் இருந்தது. அங்கே பணியாற்றிய டால்டார்ஃப் என்ற படை அதிகாரி, 1791இல் குளக்கரைப் பனையொன்றின் தண்டில் தண்ணீருக்கு மேலே ஏறிக்கொண்டிருந்த மீனைப் பிடித்ததாக எழுதினார். 1797இல் அது லண்டன் லின்னேயன் சங்கத்தின் ஏட்டில் வெளிவந்தது. மரமேறும் மீன் என்ற பேச்சு அப்படியே உலகம் சுற்றியது. மீன் தானாக ஏறியதா, காகம் கொண்டுபோய்ப் போட்டதா என்ற சர்ச்சை நூறு ஆண்டுகளுக்கு மேல் ஓடியது.

தமிழ் நிலத்துக்கே உரிய இன்னொரு சிறு உறவு மீனும் உண்டு. 1831இல் பிரெஞ்சு விலங்கியலாளர் குவியேயின் நூலில் விவரிக்கப்பட்ட 'குபானஸ்' மீனின் பெயர் புதுச்சேரி அரியாங்குப்பம் ஆற்றிலிருந்து வந்தது. ஐந்தாறு சென்ரிமீற்றர் நீளம், பழுப்பு நிறம், பெரிய அழகில்லை. ஆனால் வயல் வாய்க்காலில் வாழும் அந்தச் சாது, கடைக் கௌராமி எதற்கும் குணத்தில் குறைந்ததல்ல. இலங்கையில் மட்டுமே வாழும் மால்புலுட்டாவை 1937இல் விலங்கியலாளர் தெரணியகல விவரித்தார். அதுவும் இந்த வட்டத்து மீன்தான். ஒஸ்லோக் கடைகளில் இவ்விரண்டும் கண்ணில் படுவது அபூர்வம்.

கடையில் கிடைப்பவற்றுக்கு வருவோம். முதல் இடம் எனக்குத் தேன் கௌராமிக்குத்தான். ஐந்து சென்ரிமீற்றரைத் தாண்டாது. வங்காளத்து, அசாம் குட்டைகளின் மீன். ஆண் காதல் காலத்தில் தேன்நிறமாகிக் கழுத்தடி கறுக்கும், பெண் சாம்பலாகவே இருக்கும். 1822இல் இதை விவரித்த புக்கானன்-ஹாமில்டன் ஆணையும் பெண்ணையும் இரண்டு இனம் என்று எண்ணி இரு பெயர் கொடுத்தார். அறுபது சென்ரிமீற்றர் நீளமுள்ள 54 லீற்றர் தொட்டியில் ஓர் ஆணும் இரண்டு பெண்ணும் சண்டையில்லாமல் வாழும். ஒரு எச்சரிக்கை: செக்கச் செவேலென்று 'தேன்' பெயரில் விற்கப்படும் மீன் சில வேளைகளில் தடித்த உதட்டுக் கௌராமியாக இருக்கும். அது ஒன்பது பத்துச் சென்ரிமீற்றர் வளரும். சின்னத் தொட்டியை அடக்கி ஆளும்.

முத்துக் கௌராமி இடம் உள்ள வீட்டுக்கு. பன்னிரண்டு சென்ரிமீற்றர் நீளம், உடலெங்கும் முத்து தூவியது போன்ற புள்ளி, வயிற்றடியில் ஆணுக்கு ஆரஞ்சுச் சிவப்பு. இத்தனை பெரிய மீன் இவ்வளவு கூச்சமாக இருப்பது ஆச்சரியம்தான். 150 லீற்றருக்குக் குறைந்த தொட்டியில் இதை வைக்கக்கூடாது என்பது என் கருத்து. ஓர் ஆணுக்கு இரண்டு மூன்று பெண் வேண்டும். சதுப்புக் காடுகள் எண்ணெய்ப் பனைத் தோட்டமாகி வருவதால் காட்டில் இதன் நிலை கவலைக்குரியது; கடைக்கு வருபவை பெரும்பாலும் பண்ணையில் பிறந்தவை.

ஆட்கள் அதிகம் ஏமாறுவது மூன்று புள்ளிக் கௌராமியில்தான். நீலம், பொன், பளிங்கு என எந்த நிறத்தில் விற்றாலும் இனம் ஒன்று. விலை மலிவு, உடம்பு கெட்டி, எந்தத் தண்ணீரிலும் பிழைக்கும். கடையில் நாலு சென்ரிமீற்றர்க் குஞ்சுகளாகக் கூட்டமாக நிற்கும்போது பார்க்கச் சாது. வளர்ந்து பதினைந்தை நெருங்கும்போது பலமான ஆண் தொட்டியின் ஒரு மூலையைச் சொந்தமாக்கி மற்றவற்றை ஓட ஓட விரட்டும். மரகதம் போல் மின்னும் குள்ள கௌராமியின் ஆண்களும் இரண்டு சேர்ந்தால் அடிபடும். முத்தமிடும் கௌராமியின் கதை எல்லாவற்றிலும் வேடிக்கை. பிள்ளைகள் அன்பு என்று கைதட்டும் அந்த முத்தம் பல வேளைகளில் பலம் பார்க்கும் சண்டை. முப்பது சென்ரிமீற்றர் வளரும் அந்த மீனுக்கு அடுக்குமாடி வீட்டில் இடமில்லை. 70 சென்ரிமீற்றர் வரை போகும் பெரிய கௌராமியை 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னை மாகாண மீன்வளத் துறை ஜாவாவிலிருந்து கொண்டுவந்ததே சாப்பாட்டுக்காகத்தான்.

இந்த வரிசையில் யாரும் அதிகம் பேசாத குட்டி ஒன்று உண்டு: நாலு சென்ரிமீற்றர்கூட வளராத மினுங்கும் கௌராமி. மார்புச் செட்டையின் தசைநார்களை மீட்டி 'கிர்ர்' என்று ஒலி எழுப்பும். சந்தடியில்லாத இரவில், தொலைக்காட்சியை அணைத்துவிட்டால், தொட்டிக்கு வெளியேயே கேட்கும். நிறைய இலையும் மெல்லிய வெளிச்சமும் கொடுத்தால் சிறிய தொட்டியிலேயே நாலைந்து வைக்கலாம். சொக்லேற் கௌராமியை ஆரம்பக்காரர் தொடவே வேண்டாம். மென்னீர் மட்டும் அதற்குப் போதாது, அமிலமும் சுத்தமும் சேர வேண்டும்.

இனி தண்ணீர். ஒஸ்லோக் குழாய் நீரின் கடினத்தன்மை ஜெர்மன் அளவில் 4 பாகைக்குக் கீழ். குழாய்கள் அரிக்காமலிருக்கச் சுத்திகரிப்பு நிலையத்தில் சுண்ணாம்பு சேர்ப்பதால் பிஹெச் ஏழுக்கு மேலேதான் இருக்கும். அளந்து பார்ப்பவர் 'பிஹெச் கூடி இருக்கிறதே' என்று பயந்து அமிலத் திரவம் வாங்கி ஊற்றுவார். அது தேவையில்லை. பண்ணையில் பிறந்த கௌராமிக்கு ஆறரை முதல் ஏழரை எட்டுவரை எதுவும் பாதகமில்லை. உண்மையான ஆபத்து எதிர்த்திசையில் இருக்கிறது.

மீனின் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை வடிகட்டியில் குடியிருக்கும் நுண்ணுயிர்கள் முதலில் நைத்திரைற்றாகவும் பிறகு நைத்திரேற்றாகவும் மாற்றுகின்றன. இந்த வேலைக்கு அவை தண்ணீரிலுள்ள கார்பனேற்றைத் தின்கின்றன. ஒரு மில்லிகிராம் அம்மோனியா நைதரசனுக்கு ஏறத்தாழ ஏழு மில்லிகிராம் சுண்ணாம்புக் காரம் தீரும். யாழ்ப்பாணக் கிணற்று நீரில் இது கடலில் ஒரு வாளி. ஒஸ்லோத் தண்ணீரில் இருப்பதே கொஞ்சம். சில வாரங்கள் தண்ணீர் மாற்றாமல் விட்டால் காரம் தீர்ந்து பிஹெச் சரசரவென்று ஆறுக்குக் கீழே விழும். அமிலத்தில் அந்த நுண்ணுயிர்கள் சோர்ந்துவிடும், அம்மோனியா சேரத் தொடங்கும். ஆச்சரியமாக மீன் அப்போதும் சாவதில்லை. அமில நீரில் அம்மோனியா கிட்டத்தட்ட முழுவதும் அம்மோனியம் அயனாக, அதிகத் தீங்கில்லாமல் இருக்கிறது. கண்ணாடி தெளிவாக இருக்கும், மீன் தின்னும், எல்லாம் சரி என்று தோன்றும்.

பிறகு ஒரு நாள் மனச்சாட்சி உறுத்தி, பாதித் தண்ணீரை இறைத்துவிட்டுப் புதிதாக நிரப்புவார்கள். பிஹெச் ஆறிலிருந்து எட்டுக்குத் தாவும். ஆறில் இருக்கும் அம்மோனியாவில் நச்சுப் பங்கு இரண்டாயிரத்தில் ஒன்று அளவுதான். எட்டில் அது இருபதில் ஒன்று. நூறு மடங்கு கூடுகிறது. மறுநாள் காலை மீன்கள் செத்து மிதக்கும். பழி புதுத் தண்ணீர்மேல் விழும். 'தண்ணி மாத்தினா மீன் சாகுது' என்று இங்கே வீட்டுக்கு வீடு ஒரு நம்பிக்கை நிலைத்திருப்பதற்கு வேர் இதுதான். தீர்வோ மிக எளியது. வாரம் ஐந்திலொரு பங்கு தண்ணீர் மாற்ற வேண்டும், அதை விடாமல் செய்ய வேண்டும். வடிகட்டியில் ஒரு கைப்பிடி சிப்பித் துண்டு போட்டால் தண்ணீர் அமிலமாகும்போது அது கரைந்து ஈடுகட்டும். பிஹெச்சைக் காட்டிலும் கார்பனேற்றை அளக்கும் சொட்டு மருந்துப் பெட்டிதான் ஒஸ்லோவில் வாங்க வேண்டியது.

கௌராமியின் மூச்சும் இங்கே ஒரு வகையில் ஏமாற்றும். தண்ணீரில் ஒட்சிசன் குறைந்தால் மற்ற மீன்கள் மேலே வந்து வாய் பிளக்கும். கௌராமி எப்போதுமே மேலே வந்து காற்று குடிப்பதால் அதன் நடத்தையில் எதுவும் தெரியாது. கௌராமி நன்றாக இருக்கிறது என்பது தண்ணீர் நன்றாக இருக்கிறது என்பதற்குச் சாட்சியல்ல.

குளிர்காலத்தில் குழாயில் வரும் தண்ணீர் ஐந்து பாகைக்கு அருகில் இருக்கும். அதை அப்படியே ஊற்றக்கூடாது என்பது தெரிந்ததே. சுடுநீர்க் குழாயில் நேராகக் கலப்பதைவிட, வாளியில் பிடித்து இரவு முழுவதும் அறையில் வைப்பது மேல். குளிர்நீரில் கரைந்திருக்கும் காற்று சூடாகும்போது குமிழாகி மீனின் செவுளில் ஒட்டும். தொட்டியின் கண்ணாடியெல்லாம் வெள்ளிப்புள்ளி பூத்ததைப் பார்த்திருப்பீர்கள். ஹீற்றரை 25 பாகையில் வைத்தால் போதும்.

மேலே மூடி அவசியம். நோர்வேக்காரர் பனிக்காலத்திலும் யன்னலைத் திறந்து வீட்டை 'லுஃப்தே' செய்வார்கள்; நாமும் பழகிவிட்டோம். அந்தக் காற்று தொட்டியின் மேற்பரப்பில் வீசும்போது கௌராமி அள்ளும் மூச்சு தண்ணீரைவிட இருபது பாகை குளிர்ந்திருக்கும். வளர்ந்த மீன் ஒரு மூச்சில் சாகாது, ஆனால் மூச்சுறுப்பு அப்போதுதான் உருவாகிக்கொண்டிருக்கும் குஞ்சுகளைப் பறிகொடுப்போம். கண்ணாடிக்கும் தண்ணீருக்கும் இடையே நாலு விரல் ஈரக்காற்று நிற்க இடம் விட்டால் போதும். வெளிச்சத்தில் இந்த ஊருக்கு இரண்டு முகம்: டிசம்பரில் ஆறு மணி நேரத்துக்கும் குறைந்த பகல், யூனில் பத்தொன்பதுக்கு அருகில். யன்னலோரத் தொட்டி யூனில் பச்சைப்பாசி பிடித்துப் போகும். உள்சுவரில் வைத்து, விளக்கை மணிப்பொறியில் எட்டு மணி நேரத்துக்குக் கட்டிவிடுவதே நல்லது. 120 லீற்றர்த் தொட்டி கல், கண்ணாடி எல்லாம் சேர்த்து 150 கிலோவைத் தாண்டும்; கொங்கிரீற்றுத் தளம் தாங்கும், மெல்லிய அலுமாரி தாங்காது. கீழ்வீட்டுக் கூரைக்குத் தண்ணீர் இறங்கினால் வரும் செலவை நினைத்துக் காப்புறுதியையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

மறைவு என்று முதலில் சொன்னேன். அதுதான் சாதுத்தனத்தின் முதுகெலும்பு. விரட்டப்பட்ட மீன் கண்ணுக்கு மறைந்தால் விரட்டும் மீன் மறந்துவிடும். மறைய இடமில்லையென்றால் சாகும்வரை விரட்டும். மேலே சால்வீனியா போன்ற மிதக்கும் இலைகள், பின்னால் உயர்ந்த செடிகள், ஊறிய வேர்க்கட்டையில் ஜாவா பாசி. இவை மூன்றும் இருந்தால் ஒரே தொட்டி நாலு அறையாகப் பிரிந்துவிடும். வடிகட்டியின் ஓட்டத்தை மெதுவாக்க வேண்டும். காற்றுப் பம்பில் ஓடும் எளிய பஞ்சு வடிகட்டி போதும். கௌராமியின் வயிற்றடியில் நூல்போல் நீளும் செட்டைகள் தொட்டுணரவும் சுவையறியவும் பயன்படும் விரல்கள். அவற்றைக் கொத்தும் புலி பார்பைப் பக்கத்திலும் சேர்க்கக்கூடாது. ரஸ்போரா, சிறு ரெட்ரா, அடியில் மேயும் கொரிடோரஸ் ஆகியவை நல்ல அயலவர். பைற்றர் மீனும் கௌராமியும் ஒன்றாக வேண்டாம். இருவரும் மேற்பரப்பை உரிமை கோருபவர்கள்.

நோயில் ஒன்றைத்தான் பெரிதாகச் சொல்ல வேண்டும். குள்ள கௌராமியின் வண்ண வகைகளில் இரிடோ வைரஸ் பரவிக் கிடக்கிறது. சிட்னிக் கடைகளில் சோதித்தவற்றில் ஐந்தில் ஒன்றுக்கு மேல் அது இருந்தது. 2003இல் ஆஸ்திரேலியாவின் மறே கொட் பண்ணையொன்றை அழித்த வைரஸும் இதன் நெருங்கிய உறவென்று மூலக்கூற்று ஆய்வு காட்டியது. மருந்து கிடையாது. அதனால்தான் முதன்முதலாக வாங்குபவருக்கு, எவ்வளவு அழகாக இருந்தாலும், குள்ள கௌராமியை நான் சொல்வதில்லை. புதிதாக வரும் எந்த மீனையும் மூன்று நாலு வாரம் தனித்தொட்டியில் வைப்பது நல்ல பழக்கம்.

குஞ்சு பெறுவது பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். தண்ணீர் மட்டத்தை இருபது சென்ரிமீற்றருக்குக் குறைத்து, வெப்பத்தை இரண்டு பாகை கூட்டினால் ஆண் இலைகளுக்கடியில் நுரைக்கூடு கட்டும். முட்டையை வாயால் பொறுக்கிக் கூட்டில் சேர்ப்பதும் காவல் நிற்பதும் அதன் வேலை. முட்டையிட்டதும் பெண்ணை வேறு தொட்டிக்கு மாற்றாவிட்டால் அடிபடும். சென்னைக் கொளத்தூரில் வீட்டு மொட்டைமாடிகளிலேயே இதைத் தொழிலாகச் செய்கிறார்கள். குரோருட்டில் பிரச்சினை பிறகு வரும்: முந்நூறு குஞ்சை யாரிடம் கொடுப்பது?

ஏரியில் விடலாம் என்ற யோசனை மட்டும் வேண்டாம். நோர்வேயில் அயல் உயிரினத்தை இயற்கையில் விடுவது சட்டப்படி தடை. கௌராமி ஆல்னா ஆற்றில் ஒரு குளிர்காலம்கூடத் தாங்காதே என்று சிலர் சொல்வார்கள். மீன் தாங்காது, அதோடு போகும் செடியும் நத்தையும் ஒட்டுண்ணியும் தாங்கலாம். இன்று பல ஏரிகளை மூடிக்கிடக்கும் கனடியப் பாசிச்செடி நோர்வேயில் முதன்முதலில் பதிவானது 1925இல், இந்த நகரத்து ஒஸ்தென்ஷோ ஏரியில்தான். எழுபதுகளில் சுவீடனிலிருந்து வந்த சல்மன் குஞ்சுகளோடு நுழைந்த ஒரு நுண் ஒட்டுண்ணி ஐம்பது ஆறுகள்வரை பரவியது. பல ஆறுகளில் எல்லா மீனையும் நஞ்சிட்டுக் கொன்றுதான் அதை ஒழிக்க முயன்றார்கள். இந்நாட்டு அதிகாரிகள் மீன் விஷயத்தில் ஏன் இவ்வளவு கண்டிப்பு என்பதற்கு இது போதுமான விடை. தொட்டித் தண்ணீரைக் கழிப்பறையில் ஊற்றுங்கள், வெட்டிய செடியை உலர்த்திக் குப்பையில் போடுங்கள்.

கடைசியாக யூலை மாதம். ஊருக்கு, அல்லது கனடாவுக்கு, நாலைந்து வாரம் பயணம் போகாத தமிழ்க் குடும்பம் இந்தப் பள்ளத்தாக்கில் குறைவு. மேலே சொன்ன கார்பனேற்று விபத்து பெரும்பாலும் நடப்பதும் இந்த வாரங்களில்தான். வளர்ந்த கௌராமி பத்து நாள் பட்டினி தாங்கும். அதற்கு மேல் யாராவது வந்து பார்க்க வேண்டும். சாப்பாட்டை முன்கூட்டியே மாத்திரைப் பெட்டியில் நாளுக்கொரு சிட்டிகையாகப் பிரித்து, வாரம் இரண்டு நாள் மட்டும் போடச் சொல்லுங்கள். டப்பாவைக் கையில் கொடுத்தால் பாசம் மிகுந்த அயலவர் அள்ளிப் போட்டுவிடுவார். புறப்படுவதற்கு முந்திய இரண்டு வாரமும் தண்ணீர் மாற்றி, வடிகட்டியில் புதுச் சிப்பித் துண்டு வைத்து, விளக்கை ஆறு மணி நேரத்துக்குக் குறைத்துவிட்டுப் போகலாம். திரும்பி வந்த அன்றே தொட்டி மஞ்சளாகக் கிடக்கிறதென்று வாளியைத் தூக்காதீர்கள். முதலில் அளந்து பாருங்கள். பிறகு நாளுக்குப் பத்திலொரு பங்காக, ஒரு வாரம் எடுத்து மாற்றுங்கள்.